மாப்பிள்ளை அழைப்பில் சீரியம்

ராஜபாளையத்தில் மாப்பிள்ளை அழைப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரில் திருவிழாக் கடையா, ஒரு காலத்தில் பெட்ரோமாக்ஸ் 'உஸ்ஸ்' என்று இரையாமல் எதுவும் நடக்காது. மாப்பிள்ளை முகத்தில் விழுந்த அந்த வெளிச்சத்தில் கார்ல் ஆவர் என்ற ஆஸ்திரியாக்காரருக்கும் பங்குண்டு. மொய்தான் எழுதவில்லை.

அருமண் உப்புகளோடு மல்லுக்கட்டிய ஆவர், 1885-ல் துணி வலையை ஒரு கரைசலில் நனைத்து எரித்தார். துணி போய்ச் சாம்பல் கூடு மட்டும் நின்று சுடர்விட்டது; அதுதான் மேண்டில். ஆனால் பச்சை வெளிச்சம்! ராஜபாளையத்தில் அதை ஏற்றியிருந்தால், "பையனுக்கு ஏதோ சீக்கு" என்று பெண் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பியிருப்பார்கள். வியன்னாவிலும் வாங்க ஆளில்லை.

1891-ல் சூட்சுமம் பிடிபட்டது. தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. தோரியம் தனியாக மினுக் மினுக்கென்று அழும். ஒரே ஒரு பங்கு சீரியம் சேர்ந்தால் பளீர் வெள்ளை. ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் மறுபடி மங்கும். கல்யாண வீட்டுக்கு அதட்டுகிற தாய்மாமன் ஒருவர் போதும்; நாலு பேர் சேர்ந்தால் பந்தி நடக்காது. 1903-ல் அதே ஆவர் சீரியத்தோடு இரும்பைக் கலந்து லைட்டர் கல்லும் செய்துவிட்டார். தாய்மாமன் சிகரெட்டுக்கும் வழி பிறந்தது.

சரக்குக்கு எங்கே போவது? திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குத் தேங்காய் நார் போய்க்கொண்டிருந்தது. ஒட்டிய மணலை உதறிக் கட்ட நம் ஆட்களுக்குச் சோம்பல். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலைச் சோதித்தார்: மோனசைட்! தோரியமும் சீரியமும் ஒரே மணலில். நாரை விட்டுவிட்டு மணலைத் தேடி மணவாளக்குறிச்சிக்கே வந்து இறங்கினார். சோம்பேறித்தனம் இப்படிக் கனிமத் தொழிலைத் தொடங்கிவைத்தது வேறெங்கும் நடந்திருக்குமா, தெரியாது.

மணல் கப்பலேறியது, மேண்டில் கப்பலில் வந்து இறங்கியது. ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். நூல் இங்கே, மணல் தெற்கே. நடுவில் ஒரு ஆவர்தான் குறைச்சல்.

புது மேண்டிலைக் கட்டி, ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பம்ப் அடித்து ஏற்றுவார்கள். அதன்பின் அது வெறும் சாம்பல். விரல் பட்டால் உதிரும். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் 1984-ல் செந்தில் அதைத்தான் தொட்டு உதிர்த்தார். தமிழ்நாடே வயிறு குலுங்கச் சிரித்தது. ஆவர் ஆறு வருஷம் முட்டி மோதிக் கண்டுபிடித்த கணக்கு ஒரே பிடியில் தூள். வயிறு எரிந்தது பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடும் கவுண்டமணிக்கு மட்டும்தான்.