சமதரையின் அருமை: வலப்பனைக் குடும்பங்கள் பூங்காவுக்குப் போவது பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வலப்பனைப் பக்கத்துத் தோட்டக் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழும்புகிறது. மூன்று தலைமுறையும் குளித்து, சோறு கட்டி, ஸ்வெட்டர் மாட்டி, இராகலைக்கு வந்து பஸ் மாறி, கந்தப்பளை வழியாக நுவரெலியா போய்ச் சேர்ந்து, டிக்கெட் எடுத்துப் பூங்காவுக்குள் நுழைகிறது. வழி நெடுக மலை, பனிமூட்டம், ஓடை, தேயிலை. இந்தக் காட்சியைப் பார்க்க உலகத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அதற்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே கொழுந்தெடுத்து, அதைப் பார்த்தபடியே பல் விளக்குகிற ஒரு குடும்பம் காசு கொடுத்துப் பூங்காவுக்குப் போவது ஏன்?

அறிவுலகம் இந்தக் கேள்வியைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. தேயிலைச் செடிக்கு வருகிற நோய்நொடிகளை ஆராயத் தலவாக்கலையில் ஒரு நிறுவனம் இருக்கிறது, 1925இல் தொடங்கியது. தேயிலை எடுக்கிறவர்கள் ஓய்வு நாளில் எங்கே உட்காருகிறார்கள் என்பதை ஆராய ஒரு மேசைகூட இல்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. களமும் அதன் சாய்வும்

வலப்பனைப் பிரதேசம் நுவரெலியா மாவட்டத்தின் வடகிழக்கில் கிடக்கிறது. மேலே இராகலைப் பக்கம் குளிரும் தேயிலையும். கீழே ரந்தெனிகல நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்க இறங்க வெயிலும் படிப்படியான வயல்களும். இரண்டுக்கும் நடுவே எல்லாம் இருக்கிறது, சமதரையைத் தவிர.

தோட்டங்களில் இருந்த கொஞ்சநஞ்சச் சமதரையும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பங்கு பிரிக்கப்பட்டுவிட்டது. முதல் பங்கு தொழிற்சாலைக்கு. அடுத்தது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு. மூன்றாவது துரை பங்களாவுக்கும் அதன் புல்வெளிக்கும். மிஞ்சியதில் ஒரு கோவிலும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களாகப் பிரித்த தொழிலாளர் லயங்களும். லயத்துப் பையன்கள் விளையாடும் கிரிக்கெட்டில் ஓட்டம் எடுப்பதைவிடப் பந்து எடுக்கப் போவதற்கே நேரம் அதிகம் பிடிக்கும். மட்டையில் பட்ட பந்து மூன்று மலை தாண்டிப் பீலிக்கரையில்தான் நிற்கும். சாய்வு எப்போதும் விளையாட்டாகவே இருப்பதில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2007 ஜனவரி மழையில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மண் சரிந்து உயிர்கள் போயின.

1975இல் ஜே அப்பிள்டன் என்ற பிரித்தானியப் புவியியலாளர் ஒரு கொள்கை சொன்னார். தான் மறைவாக இருந்துகொண்டு தூரத்தைப் பார்க்க முடிகிற இடமே மனிதனுக்குப் பிடிக்கும். வேட்டையாடித் திரிந்த காலத்தில் ஒட்டிய புத்தி அது. துரை பங்களா ஏன் குன்றின் நெற்றியிலும் லயம் ஏன் மடுவிலும் இருக்கிறது என்று அப்பிள்டன் வலப்பனைக்கு வந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால், வேட்டைக்காரர் யார் என்ற உபகேள்விக்கும் அவருக்கு விடை கிடைத்திருக்கும்.

ஆக, இக்கட்டுரையின் கருதுகோள் இது: தோட்டத்துக் குடும்பம் பூங்காவுக்குப் போவது காட்சிக்காக அல்ல. யாரும் எழுப்பிவிடாத சமதரையில் உட்காருவதற்காக. காட்சி வெறும் கொசுறு.

3. இருபத்தேழு ஏக்கர்

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா நகர் இருக்கிறது. அதன் நடுவே, சிவப்புச் செங்கல் தபாற்கந்தோருக்குப் பக்கத்தில், விக்டோரியா பூங்கா. முன்பு அது ஹக்கலைத் தாவரவியல் தோட்டத்தின் பரீட்சார்த்த நிலமாக இருந்தது. 1897இல் விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்தபோது அவர் பெயரை வைத்தார்கள். பரப்பு சுமார் 27 ஏக்கர்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இந்த 27 ஏக்கரின் பெருமை விளங்கும். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. அடுத்த முப்பது ஆண்டில் மலைநாட்டில் கால் வைத்த இடமெல்லாம் தேயிலை. அப்படிப்பட்ட சீமையில், நகரின் நடுவே, மேடுபள்ளம் குறைந்த 27 ஏக்கரில் ஒரு தேயிலைச் செடிகூட நடாமல் விட்டார்கள். மகாராணிக்குச் செய்த மரியாதைகளில் ஆகச் செலவு கூடியது இதுவாகவே இருக்க வேண்டும்.

4. இரு விலைக் கோட்பாடு

பூங்கா வாசலில் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்குப் பன்மடங்கு விலை. வலப்பனைக் குடும்பத் தலைவர் உள்ளூர் விலையில் ஏழு டிக்கெட் கேட்கிறார். கவுண்டரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்தச் சாதாரணக் காரியத்துக்குள் 55 ஆண்டுச் சட்ட வரலாறு அடங்கியிருப்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும்.

இன்றைய இரு விலையை அன்றைக்குப் பொருத்திப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்த மறுநாள், இதே குடும்பத்தின் பூட்டன் எந்த விலைக்குப் பணம் நீட்டியிருப்பார்? இலங்கையர் அல்ல என்று இங்கே எழுதிவிட்டார்கள். இந்தியரென்று அங்கே எழுதவும் இல்லை. எந்த நாட்டையும் சேராதவருக்கென்று ஒரு மூன்றாம் விலையை உலகத்தில் எந்தப் பூங்காவும் வைத்ததில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது; மீதி 1,50,000 பேரின் கதையை 1974 வரை ஒத்திவைத்து, பிறகு ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்தக் காலத்தில் அண்ணனும் தம்பியுமாக ஒரு குடும்பம் பூங்காவுக்குப் போயிருந்தால் ஒருவர் பெரிய விலையும் மற்றவர் சின்ன விலையும் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003இல்.

ஏழு உள்ளூர் டிக்கெட் வாங்கிய தலைவருக்கு இதெல்லாம் நினைவில் இல்லை. மீதிச் சில்லறை சரியா என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணவும் வேண்டும்.

5. உட்காரும் முறை

உள்ளே போனதும் இடம் தேடும் படலம். இதற்குத் தலைமை எப்போதும் அப்பாயி. பூப்பாத்தி, ரோசாச் செடி, நீரூற்று எதுவும் அவர் கண்ணில் படுவதில்லை. தரையைப் பார்க்கிறார்; பிறகு மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்.

“அப்பாயி, இங்க வேணாம், அங்கிட்டுப் போவோம். வியூ நல்லா இருக்கு.”

“வியூ கெடக்கட்டும்டா. மேல கூடு இருக்கான்னு பாரு.”

வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கை. தேயிலை மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது பத்திரிகைகளில் அடிக்கடி வருகிற செய்தி. நாற்பது வருசம் கொழுந்தெடுத்த கண் எந்த மரத்தடியிலும் முதலில் குளவிக்கூட்டைத்தான் தேடும். கூடில்லை, புல்லில் அட்டையும் இல்லை என்று உறுதியானதும் பழைய பெட்சீட் விரிகிறது. அது எந்தப் பக்கமும் நழுவாமல் கிடப்பதை அப்பாயி கையால் தட்டிப் பார்க்கிறார். கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. ஆனாலும் முறையியல் கருதிச் சோற்றுப் பொதியையும் பரிசீலிப்போம்.

புளிச்சோறு, அவித்த முட்டை, கருவாட்டுச் சம்பல், பிளாஸ்க்கில் பிளேன்டீ. நகரத்தின் நல்ல ஓட்டல்களில் வெள்ளித் தட்டத்தில் இதே மலைத் தேநீர் கிடைக்கும். 1883இலிருந்து கொழும்பு ஏலத்துக்குப் போகிற நல்ல ரகத்தை அங்கே குடிக்கலாம். குடும்பம் குடிப்பது வீட்டுத் தூள். கொழுந்து கிள்ளியவர் தூளையும் கிள்ளாதவர் இலையையும் குடிக்கிற ஏற்பாடு தாவரவியலுக்கு உட்பட்டதல்ல என்பதால் இக்கட்டுரை அதற்குள் போகவில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகு நடப்பதுதான் ஆய்வின் மையம். எதுவும் நடப்பதில்லை. மாமா துண்டை முகத்தில் போட்டுப் படுக்கிறார். அம்மாவும் சித்தியும் காலை நீட்டி உட்கார்ந்து, ஒருவர் தலையை ஒருவர் பார்க்கிறார்கள். ஆறு நாளும் அரை நேரத்துக்குள் இத்தனை கிலோ என்று நின்றபடியே எண்ணப்பட்ட உடம்புகள் அவை. கங்காணியும் இல்லை, தராசும் இல்லை.

6. வட்டமாக ஓடும் ரயில்

பிள்ளைகளுக்கு உட்காரும் கோட்பாடு பொருந்தாது. அவர்களுக்குச் சிறுவர் பூங்காவும் அதில் ஓடும் குட்டி ரயிலும் இருக்கின்றன. ஏறின இடத்திலேயே இறக்கிவிடுகிற ரயில்.

இதில் ஒரு வரலாற்றுச் சிக்கல் உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு நிசமாகவே ஒரு ரயில் ஓடியது. இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை; 1903, 1904இல் திறந்து, 1940களில் மூடிவிட்டார்கள். தேயிலைப் பெட்டி இறங்கியது, அரிசி மூட்டை ஏறியது, ஆட்களும் போய்வந்தார்கள். பிறகு லொறியும் பஸ்ஸும் வந்தன. ஆக, பாட்டன் காலத்தில் இராகலையிலிருந்து ரயிலேறி நுவரெலியாவுக்கு வந்திருக்கலாம். பேரன் இராகலையிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்து, இங்கே ரயிலேறி, எங்கேயும் போகாமல் திரும்புகிறான். போக்குவரத்து முன்னேற்றத்தை அளக்க இதைவிட நல்ல கருவி இந்த மாவட்டத்தில் இல்லை.

7. ஒப்பீட்டுக் குழு

ஒவ்வோர் ஆய்வுக்கும் ஓர் ஒப்பீட்டுக் குழு வேண்டும். பூங்காவின் இன்னொரு மூலையில் அது தானாகவே அமைந்திருக்கிறது: தொலைநோக்கியோடு வரும் வெளிநாட்டார். காஷ்மீரில் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்துக்கு இலங்கை மலைகளுக்கு வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும், ஆறுமணிக்குருவியையும் பார்க்க இங்கே வருகிறார்கள். பூங்கா ஊடாக ஓடும் ஓடையின் கரையில், குப்பை ஒதுங்கிய இடங்களில், மணிக்கணக்காகக் கால் கடுக்க நிற்கிறார்கள்.

ஆக ஒரே பூங்காவில், பெரிய விலை கொடுத்தவர்கள் நிற்கிறார்கள். சின்ன விலை கொடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வார நாட்களில் தோட்டத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு.

8. நகரத்தைப் பார்த்தல்

பூங்காவுக்குள் இருந்தால் நகரம் தெரியாது. அதற்கு இலங்கையின் மிக உயரமான கிராமம் என்று பெயர் பெற்ற சாந்திபுரவுக்கு ஏற வேண்டும். ஓட்டோக்காரரோடு பேரம் பேசி ஏறிவிட்டால், கீழே 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் கட்டிய வாவி, குதிரைப் பந்தயத் திடல், கூரைகள் எல்லாம் விரிந்து கிடக்கும்.

இங்கே நடப்பது பார்ப்பது அல்ல, விரலால் சுட்டுவது. இதை ஒரு விதியாகவே சொல்லலாம்: உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்கும் தோட்டத்து மனிதர் தமக்கு அலைச்சல் தந்த கட்டடங்களை முதலில் அடையாளம் காண்பார்.

“அந்தா கச்சேரி. ஐடென்டிட்டி கார்டுக்கு எத்தன தடவ ஏறி எறங்கினோம்.”

“ஆஸ்பத்திரி எங்கிட்டு, சித்தப்பா?”

“அதுக்கு இங்கிட்டு. ஒங்கம்மா சங்கிலிய வச்ச கட அதுக்குக் கீழ.”

கண்டியில் நகரத்தையும் வாவியையும் மேலிருந்து பார்க்க வேல்ஸ் பூங்கா இருக்கிறது. அங்கே பர்மாவில் பிடிபட்ட ஜப்பானியப் பீரங்கி ஒன்று நிற்கிறது. மவுண்ட்பேட்டன் நகருக்குக் கொடுத்தது. அங்கேயும் பெரியவர்கள் கச்சேரியைத் தேடுகிறார்கள், பிள்ளைகள் பீரங்கிமேல் ஏறுகிறார்கள். ஆகவே இந்த விதியை நுவரெலியாவோடு மட்டுப்படுத்த வேண்டியதில்லை.

9. தொன்மச் சான்று

திரும்பும் வழியை நீட்டிச் சிலர் சீதாஎலியவுக்குப் போகிறார்கள். அங்கே சீதையம்மன் கோவில். அசோகவனம் ஹக்கலைப் பக்கம் இருந்தது என்பது ஐதீகம். 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய ஹக்கலைத் தோட்டத்தைவிட மிகப் பழைய பூங்கா அது. இலங்கையின் ஆக அழகான சோலையில் இருத்திவைத்தும், அங்கே இருந்தவர் மரத்தடியில் உட்கார்ந்தே இருந்தாரே தவிர, காட்சியை ரசித்ததாக யாரும் பாடவில்லை. காரணம் வேறு என்பது உண்மைதான். உட்கார்ந்தது மட்டும் கருதுகோளோடு ஒத்துப்போகிறது.

10. மேலாய்வுக்கு உரியவை

இக்கட்டுரை சில கேள்விகளைப் பிறருக்கு விட்டுவைக்கிறது. ஒன்று, ஏப்ரல் வசந்த காலத்தில் நகரமே கொழும்புக் கார்களால் நிரம்பும்போது பெட்சீட் விரிக்க எத்தனை அடி மிஞ்சும்? இரண்டு, கிரகரி வாவியின் அன்னப் படகில் ஏறலாமா என்ற விவாதம் படகோட்டத்தைவிட நீண்டுபோவது ஏன்? மூன்று, தோட்டத்தில் எவரும் கேளாமலே துரைக்குக் கிடைத்த புல்வெளியைப் போல, லயத்துக்குப் பக்கத்தில் கால் ஏக்கர் சமதரை ஒதுக்கினால் நுவரெலியா பஸ்ஸில் எத்தனை இடம் காலியாகும்?

நான்காவதுதான் மிகக் கடினம். பூங்காவிலிருந்து வெளியே வந்த குடும்பம் பஸ் ஏறுவதற்கு முன் சந்தையில் நுழைந்து லீக்ஸும் கரட்டும் வாங்குகிறது. அவற்றில் பாதி காலையில் கந்தப்பளையிலிருந்து லொறியில் இறங்கியவை. அதே கந்தப்பளை வழியாக, அந்த லீக்ஸ் மடியில் இருக்க, பஸ் இராகலைக்குத் திரும்புகிறது. இதற்குப் பொருளியல் துறையின் ஒத்துழைப்பு தேவைப்படும்.