வசந்தகாலத் திணைக்களத்துக்கு ஒரு தக்காளி மனு

பணிப்பாளர் நாயகம்,
வசந்தகாலத் திணைக்களம்,
ரொறன்ரோ வானம்.

விடயம்: தக்காளிக் கன்றுகளின் நிரந்தரக் குடியேற்றம் இழுபடுதல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்கட்கு,

மார்ச் 20ஆம் திகதியளவில் தாங்கள் கடமையேற்றுவிட்டதாகக் கலண்டரில் கண்டோம். மகிழ்ச்சி. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதைத் தவிர வேறெந்தக் கோப்பிலும் தாங்கள் கைவைத்ததாகத் தெரியவில்லை.

விக்டோரியா தினத்துக்கு முதல் தக்காளியை நிலத்தில் வைக்காதே என்பது ஸ்காபரோத் தோட்டக்காரரின் எழுதாத சட்டம். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. 1901இல் காலமான மகாராணி இன்றைக்கும் எங்கள் பின்வளவுக்கு நாள் குறித்துத் தருகிறார். பதவியில் இருக்கும் தங்களால் அது முடியவில்லை. அந்த நாளை நம்பி, ஆறேழு வாரம் முன்பே வீட்டுக்குள் விதை போட்டோம். நாள் வந்து போய்விட்டது, மழை போகவில்லை. கன்றுகள் தற்காலிக அனுமதியில் யன்னலோரத்திலேயே நிற்கின்றன.

மழையோடு மழையாக நட்டுவிட வேண்டியதுதானே என்று தங்கள் அலுவலர்கள் கேட்கக்கூடும். அவர்கள் ஒருதரம் வந்து எங்கள் களிமண்ணை ஒரு பிடி அள்ளி நெரித்துப் பார்க்கட்டும். கொழுக்கட்டை மாதிரி நிற்கிறது. பெருவிரலால் அமத்தினாலும் உதிரவில்லை. இதில் மண்வெட்டி போட்டால் மண் இறுகிப்போகும், வெயில் வந்த பிறகு வேர் நுழைய வழியிராது. இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கினாலும் தக்காளி உடனே சாகாது, கோபித்துக்கொண்டு வளராமல் நிற்கும். இலையின் அடிப்பக்கம் ஊதாவாகும். மண்ணில் பொஸ்பரஸ் இருந்தும், குளிர்ந்த வேரால் அதை எடுக்க முடியாது.

ஆகவே தங்கள் வேலையை நாங்கள் வீட்டுக்குள் பார்க்கிறோம். சூரியனுக்குப் பதிலாகக் கன்றுகளின் தலைக்குச் சற்று மேலே விளக்கைத் தொங்கவிட்டு, நாளுக்குப் பதினான்கு பதினாறு மணித்தியாலம் எரிக்கிறோம். இல்லாவிட்டால் வெளிச்சம் தேடி மெலிந்து நீண்டு சரிந்துவிடும். ஹைட்ரோ மின்சார பில்லை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? காற்றுக்குப் பதிலாக மேசை ஃபான். ஹீற்றரும் ஃபானும் ஒன்றாக ஓடும் வீட்டைப் பார்த்து வந்தவர்கள் சிரிக்கிறார்கள். அசைந்தால்தான் தண்டு தடிக்கும் என்றால் நம்புகிறார்களில்லை. மாமி காலையில் தேத்தண்ணியோடு போகிற போக்கில் எல்லாக் கன்றுகளின் தலையையும் உள்ளங்கையால் தடவிவிடுகிறார். அதுவும் தண்டுக்கு நல்லதுதான். பெற்ற பிள்ளைகளை அவர் அப்படித் தடவியதாக வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

தண்ணீரும் நாங்கள்தான், ஆனால் தங்களைப் போலல்ல. மேல்மண் காய்ந்த பிறகு தட்டில் விட்டு, அடியிலிருந்து குடிக்கவிட்டு, மிச்சத்தை ஊற்றிவிடுகிறோம். ஓயாத ஈரத்தில் நாற்றழுகல் வந்தால் மண்மட்டத்தில் தண்டு சூம்பி, நேற்று நின்ற கன்று இன்று படுத்துவிடும். உரத்தையும் குறைத்தாயிற்று. வேர் முட்டிய கன்றுகளைப் பெரிய யோகட் டப்பாக்களுக்கும், மூலை வெட்டிய பால் பைகளுக்கும் மாற்றி, தண்டை இலை வரைக்கும் மண்ணில் தாட்டிருக்கிறோம். தண்டிலிருந்தே வேர்விடுவது தக்காளியின் பெருந்தன்மை. அவசரப்பட்டுப் பூத்தவற்றின் பூவைக் கிள்ளினோம்.

வெயிலுக்குப் பழக்குவதுதான் எங்களால் ஆகாத காரியம். ஒரு வாரம் பத்து நாளுக்கு, முதலில் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வெளியே வைக்கவேண்டும். திடீரென்று வெயில் பட்டால் இலை வெளிறிக் கருகிவிடும். கன்றுகளை நேர்முகத்துக்குத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், அதிகாரி முகிலுக்குப் பின்னால் போய்விடுகிறார்.

நாங்கள் அதிகம் கேட்கவில்லை. மண் உதிருமளவுக்கு நாலைந்து காய்ந்த நாள், 10 பாகைக்கு இறங்காத இரவுகள். நீண்டுபோன கன்றுகளை நீளக் குழியில் சரித்துப் படுக்கவைத்து நட்டுக்கொள்வோம். அவற்றின் உயரம் பற்றித் தங்கள்மீது வழக்கில்லை. நட்டபின் பழம் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேலாகும், ஒக்டோபரில் தங்கள் சகோதரத் திணைக்களம் உறைபனியோடு வந்துவிடும். ஆகையால் இந்தக் கோப்பில் இந்தக் கிழமையே கையெழுத்திடவும். ஜூலையில் உண்மையிலேயே மழை தேவைப்படும்போது லீவில் போய்விடவும் வேண்டாம்.

இங்ஙனம்,
யன்னலோரக் கன்றுகள் சார்பில்,
ஒரு ஸ்காபரோவாசி