கோட்டுக்காரருக்குக் காலரா வராது

எங்கள் அப்பத்தா வாழ்க்கையில் முதன்முதலாக மூன்று வேளையும் சோறு சாப்பிட்டது மண்டபம் கேம்பில். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வந்துவிடும். 1930-களில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து, கூலிக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஓட்டிப்போன கூட்டத்தில் அவரும் ஒருவர். போகிற இடம் இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம். தனுஷ்கோடியில் கப்பலேறும் முன் மண்டபத்தில் இறக்கி கேம்புக்குள் விட்டுவிடுவார்கள். மண் இந்தியாவுடையது, கேம்பை நடத்தியது இலங்கை அரசாங்கம்.

உடுத்தியிருந்ததை வாங்கி நீராவியில் அவிப்பார்களாம். அப்பத்தாவின் சேலை சுருங்கி முழங்காலுக்கு ஏறிவிட்டது. அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து ஊற்றி, ஒரு வாரம் போலப் பார்த்து, காலரா எட்டிப் பார்க்கவில்லை என்றால் கப்பல். காலராவும் பிளேகும் தமிழ்க் கூலியின் மூட்டையில்தான் வருகின்றன என்பதில் தோட்டத் துரைமாருக்குச் சந்தேகமே கிடையாது. 1914-ல் கொழும்புக்குள் பிளேக் நுழைந்தது என்னவோ துறைமுகம் வழியாக, எலிகளோடு. எலியிடம் யாரும் சேலையைக் கழற்றச் சொல்லவில்லை.

அப்பத்தா வந்த போட் மெயில் ரயிலிலேயே கோட்டு போட்ட ஒருவரும் வந்தார். டாக்டர் அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், அவ்வளவுதான், அவர் கப்பலுக்குப் போய்விட்டார். “கோட்டுக்காரவுகளுக்குக் காலரா வராதாம்ல” என்பார் அப்பத்தா. கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பியபோதும் அவரை முதலில் கொண்டுவந்து இறக்கியது அதே மண்டபத்தில்தான். அந்தத் தடவை சாப்பாடு சரியில்லை என்று புகார் சொன்னார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலம், நாம் படித்து முன்னேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக். வளைகுடா நாடுகள் இந்திய விமானங்களை நிறுத்தின. நான் ஐரோப்பாவில் ஒரு விமான நிலையத்தில் இறங்கினேன். என் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டார். மதுரையிலிருந்து வருகிறேன், அங்கிருந்து சூரத், பாரிசிலிருந்து ரோமுக்குப் போவதைவிடத் தூரம் என்று விளக்கினேன். பூகோளம் அவர் வேலையில் சேர்ந்ததல்ல. இத்தனைக்கும் பயணத் தடையெல்லாம் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே சொல்லியிருந்தது.

அப்புறம் வந்தது 2021, கொரோனாக் காலம். இப்போது நீராவி இல்லை, க்யூஆர் கோடு. மகளைப் பார்க்க லண்டன் கிளம்பினேன். இரண்டு டோஸ் கோவிஷீல்டு போட்டு, பிரதமர் படத்தோடு சான்றிதழும் கையில். அக்டோபர் 4 முதல் பிரிட்டன் ஒரு விதி கொண்டுவந்தது: இந்தியாவில் ஊசி போட்டவர் ஊசி போடாதவருக்குச் சமம். போய் இறங்கி 10 நாள் தனிமை, இரண்டாம் நாளும் எட்டாம் நாளும் பரிசோதனை. கோவிஷீல்டு என்பது ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்த மருந்து, புனேயில் தயாரானது. அந்த மார்ச்சில்தான் பிரிட்டன் அதே புனேக் கம்பெனியிடம் 50 லட்சம் டோஸ் வாங்கித் தன் மக்களுக்குப் போட்டிருந்தது. குப்பிகளை யாரும் தனிமையில் வைக்கவில்லை. கேட்டதற்கு, ஊசியில் குறையில்லை, சான்றிதழில்தான் சிக்கல் என்றார்கள். மகளின் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் எனக்கும் ஒரே மருந்து. அவர் தோட்டத்தில் ரோஜா வெட்டிக்கொண்டிருந்தார், நான் மாடி ஜன்னலிலிருந்து கையாட்டினேன்.

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. பிரிட்டனிலிருந்து வருகிறவர்களுக்கும் அதே 10 நாள் என்று அறிவித்தது. அக்டோபர் 11 முதல் பிரிட்டன் எங்கள் சான்றிதழை ஏற்றுக்கொண்டது. எந்த டாக்டரும் இல்லாமல், ஒரே வாரத்தில், ராஜதந்திரத்தாலேயே இந்தியர்கள் குணமான அதிசயம் மருத்துவ வரலாற்றில் ஏறியதா தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பி, டீக்கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லிக் கொதித்தேன். சித்தப்பா மகன் “வெள்ளக்காரன் புத்தி போகாதுண்ணே” என்றான். 2020 கொரோனா ஊரடங்கில் சென்னையிலிருந்து நடந்தும் லாரி பிடித்தும் வந்த நம் ஊர்ப் பிள்ளைகளைக் கண்மாய்க்கரையில் கருவேல முள்ளைப் போட்டு மறித்த கோஷ்டிக்கு இவன்தான் தலைவன். பள்ளிக்கூடத்தில் தனியாக இருக்கச் சொல்லி, சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு வந்தவர்கள் இவன் ஆட்கள்.

“அன்னைக்கு நம்ம ரோடு கான்ட்ராக்டரும் சென்னையிலேர்ந்துதானடா வந்தாரு? அவருக்கு முள்ளை எடுத்து விட்டீங்களாமே?”

“அவுக கண்ணாடி ஏத்துன கார்ல வந்தாகண்ணே” என்றான். “உள்ள கிருமி எப்படிப் போகும்?”