ஆர்த்தோ முத்திரைப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஆர்த்தோ முத்திரை குத்தும் பிரிவு, தலைமை அலுவலகம் (எல்லா மெத்தைக் கம்பெனிகளுக்கும் பொது)

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் விளம்பரத்தில் வரும் தம்பதிக்கு முதலில் என் வணக்கம். வெள்ளை விரிப்பில், ஒரே சமயத்தில் சிரித்தபடி தூங்குகிறார்கள். வியர்வை இல்லை, குறட்டை இல்லை. யார் காலும் யார் மேலும் விழுவதில்லை. தங்கள் மெத்தை அவர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் எங்கள் பக்கம்தான். என் வீட்டுக்காரர் 85 கிலோ, மல்லாந்து படுப்பவர். நான் 52 கிலோ, ஒருக்களித்துப் படுப்பவள். கெட்டி மெத்தையில் அவர் அளவாக அமிழ்ந்து நிம்மதியாகத் தூங்குகிறார்; என் எடைக்கு அது இறங்கிக்கொடுப்பதே இல்லை, விடிந்தால் தோளும் இடுப்பும் மரத்துக் கிடக்கின்றன. மெத்தென்று ஒன்று வாங்கினால் அவர் பக்கம் பள்ளம் விழுந்து, நான் உருண்டு அவரிடமே போய்ச் சேர்கிறேன். இதை அவர் அன்னியோன்யம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைத் தம்பி "ஆர்த்தோ எடுத்துக்கோங்க மேடம், எவ்வளவு ஹார்டோ அவ்வளவு முதுகுக்கு நல்லது" என்றார். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரை வைத்து ஸ்பெயினில் சோதித்து, 2003-இல் லான்செட் இதழில் எழுதினார்கள்: கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது. அந்தத் தபால் இன்னும் தங்கள் அலுவலகத்துக்கு வந்துசேரவில்லை போலும்.

"இது 40 டென்சிட்டி, கல்லு மாதிரி இருக்கும்" என்று அடுத்ததைக் காட்டினார். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடைதானே தம்பி, கெட்டித்தனம் வேறு கணக்காச்சே என்றேன். மேனேஜரைக் கூப்பிடப் போனவர் போனவர்தான்.

மெமரி ஃபோமை நாசாவே கண்டுபிடித்தது என்கிறீர்கள். உண்மை; 1960-களில், விமான இருக்கைகளுக்காக. அது உடல் சூட்டில் இளகும், அந்தச் சூட்டைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். கரன்ட் போன மே மாதச் சென்னையை அந்த விஞ்ஞானிகள் கணக்கில் எடுத்திருக்க நியாயமில்லை.

இனி அகலம். குயின் சைஸ் 60 அங்குலம், ஆளுக்கு 30. கல்யாணத்துக்கு முன் நான் படுத்த ஒற்றை மெத்தையே 36. ராணிப் பட்டம் கொடுத்து 6 அங்குலத்தைப் பிடுங்கிக்கொண்டீர்கள்!

இத்தனைக்கும் வழி தங்கள் கிடங்கிலேயே இருக்கிறது. 36 அங்குல மெத்தை இரண்டைச் சேர்த்தால் 72, அதுதான் கிங் சைஸ். உயரம் ஒன்றாக இருந்தால் போதும்: அவருக்குக் கெட்டி, எனக்கு மென்மை, மேலே ஒரே விரிப்பு. அவர் புரண்டால் என் பக்கம் அசையாது. ஜெர்மனியில் தம்பதிக் கட்டிலில் இரண்டு மெத்தை போடுவது சர்வசாதாரணம். இங்கே கேட்டால் தங்கள் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதும் பிரச்சனையா மேடம்?" என்கிறார்.

கடைசியாக ஒரு விளக்கம் தேவை. பிடிக்காவிட்டால் 100 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்கிறீர்களே, யாருக்குப் பிடிக்காவிட்டால்? அவர் முதல் ராத்திரியே குறட்டைவிட்டுத் தன் ஒப்புதலைப் பதிவு செய்துவிட்டார். விழித்துக் கிடப்பவளின் வாக்கும் செல்லுமா?

இப்படிக்கு,
30 அங்குல உரிமையாளர்