பாதணி அடுக்குப் பேழை: காலடிப்பேட்டை இல்லங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பாதணி அடுக்குப் பேழை என்பது, ஒரு ஜோடிக் காலணியைத் தன்னுள் ஏற்று, தன்னையொத்த இன்னொரு பேழையைத் தன் தலைமேல் சுமந்து, உள்ளிருப்பது யாருடையது என்பதை வெளியிலிருந்தே காட்டித் தரவல்ல கொள்கலம் என இக்கட்டுரையில் வரையறுக்கப்படுகிறது. ஏற்றல், சுமத்தல், காட்டல் ஆகிய இம்மூன்று தொழில்களில் எவையேனும் இரண்டைச் செய்யும் கலங்கள் சந்தையில் மலிந்திருக்க, மூன்றையும் ஒருங்கே செய்யும் கலம் அரிதாக இருப்பதே இவ்வாய்வை இன்றியமையாததாக்குகிறது. வாசலில் சிதறிக் கிடக்கும் செருப்புகளைக் காலால் ஓரங்கட்டிவிட்டு உள்ளே செல்லும் வழக்கம் தொன்மையானதும் செலவற்றதும் ஆயினும், அது ஒதுக்கல் முறையில் அடங்குமேயன்றிச் சேமிப்பு முறையில் அடங்காது.

ஆய்வுக் களமாகக் காலடிப்பேட்டை தெரிவு செய்யப்பட்டதற்கு அதன் பெயர் காரணமன்று. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்களுக்கென எழுந்த காலெட் பேட்டையே மக்கள் நாவில் இவ்வாறு திரிந்தது என்பதால், பாதணிக்கும் இவ்வூருக்கும் பிறப்புத் தொடர்பு ஏதுமில்லை. உண்மையான காரணம் ஊரின் இருப்பிடம். இதற்குத் தெற்கே துறைமுகம். வடக்கே, சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளிகளின் கிளையாகத் தோன்றிய விம்கோ நிறுவனத்தின் ஆலையால் பெயர்பெற்ற விம்கோ நகர். மெட்ரோ ரயிலில் காலடிப்பேட்டையில் ஏறுபவருக்கு அது மூன்றாவது நிலையம். மனிதகுலம் இதுவரை கண்ட பெட்டி வடிவங்களுள் தலையாய இரண்டு, அதாவது கப்பலில் ஏறும் கன்டெய்னரும் சட்டைப்பையில் ஏறும் தீப்பெட்டியும், இவ்வூருக்கு இருபுறமும் நின்று தத்தம் கொள்கையை வலியுறுத்த, நடுவே வாழும் குடும்பங்கள் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் திண்டாடுகின்றன.

முன்னோர் நூல்களை நோக்குமிடத்து, பாதணி பற்றிய புலமை குறைவின்றி வளர்ந்திருக்க, அதை வைக்கும் இடம் பற்றிய புலமை வியப்பளிக்கும் அளவுக்கு வறண்டு கிடக்கிறது. வேதாந்த தேசிகர், திருவரங்கத்துப் பெருமாளின் பாதுகைகளை மட்டுமே பொருளாகக் கொண்டு, பாதுகா சகஸ்ரம் என்னும் வடமொழி நூலை 1,008 சுலோகங்களில் இயற்றி, அவற்றைப் பத்ததி எனப்படும் 32 பகுதிகளாக வகுத்தார். பாதுகை எழுப்பும் ஒலிக்கு ஒரு பத்ததி உண்டு. அதில் பதித்த முத்துக்கும் மரகதத்துக்கும் தனித்தனிப் பத்ததிகள் உண்டு. விரல்களுக்கு நடுவே நிற்கும் குமிழுக்கு ஒன்றும், பாதுகைகள் இரண்டாக இருப்பதற்கென்றே ஒன்றும் உண்டு. பேழைக்கென ஒரு பத்ததி இல்லை. இராமாயணத்தில் பரதன் பாதுகைகளை அரியணையில் ஏற்றி வைத்தது காட்சிப்படுத்தலின் உச்சம் என ஒப்புக்கொள்ளத் தக்கதே எனினும், அரியணையின் கொள்ளளவு ஒரு ஜோடிதான் என்பதாலும், ஓர் அரியணையின் மேல் இன்னோர் அரியணையை அடுக்குவதை எந்த அரசும் பொறுத்துக்கொள்ளாது என்பதாலும், ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு அம்முறையைப் பரிந்துரைக்க இயலவில்லை.

கடையில் காலணியோடு இலவசமாக வந்துசேரும் அட்டைப்பெட்டியே இத்துறையின் மூலப்பேழை. ஆண்களின் 9-ஆம் எண் ஷூவுக்கு உரிய பெட்டி ஏறத்தாழ 33 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் கொண்டது, அதனுள் ஷூக்கள் ஒருக்களித்து, ஒன்றன் மூக்கு மற்றதன் குதிகாலை நோக்க, தலைமாற்றிப் படுத்திருக்கும். ஷூவின் முன்பகுதி அகன்றும் பின்பகுதி ஒடுங்கியும் இருப்பதால் இப்படிப் படுக்கவைத்தால்தான் இடம் மிச்சமாகும். ஆனால் காலடிப்பேட்டையில் காணப்படும் நடைமுறையோ வேறு. பெட்டி வீட்டுக்குள் நுழைந்த சில நாள்களிலேயே ஷூ அதிலிருந்து வெளியேற்றப்படுகிறது. அதன் இடத்தில் கேஸ் புத்தகம், கரண்ட் பில் ரசீதுகள், டெஸ்டர், பழைய செல்போன் சார்ஜர்கள், டாக்டர் எழுதித் தந்த சீட்டுகள், இணை தொலைந்த ஒற்றைக் கம்மல் ஆகியன குடியேறுகின்றன. பெட்டி பீரோவின் மேல் ஏறுகிறது. ஷூ வாசலுக்கு இறங்குகிறது. ஷூ பெட்டியில் ஷூவைத் தவிர எல்லாம் இருக்கும் என்னும் இவ்விதிக்கு விலக்காக ஒரு வீடும் அகப்படவில்லை. மிதித்தது வெளியே நிற்க வேண்டும், அதைச் சுமந்து வந்தது உள்ளே வரலாம் என்னும் எழுதப்படாத தீட்டு நெறியே இதன் அடிப்படை. ஆகவே பேழையை அழகாகச் செய்வதில் ஓர் ஆபத்து உண்டு: அழகு கூடக் கூட அது பீரோவின் மேல் ஏறும் நாள் நெருங்கிவரும்.

கப்பற்பெட்டி மரபினரின் கொள்கை அடுத்து ஆராயத்தக்கது. மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளி 1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்னும் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதிலிருந்து தொடங்கும் இம்மரபு, 1983-இல் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டதோடு சென்னைத் துறைமுகத்தில் வேரூன்றியது. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் மேல் அதன் சான்றுகளை இன்றும் காணலாம். ஆம்பூரில் தைத்த ஷூ அட்டைப்பெட்டிக்குள்ளும், அப்பெட்டி பெரிய அட்டைப்பெட்டிக்குள்ளும், அது கன்டெய்னருக்குள்ளும் அடங்கித் துறைமுகத்தில் கப்பலேறுகையில், அந்த ஷூவுக்குக் கிடைத்த ஒழுங்கான இருப்பிடம் அதை வாங்கப்போகிறவர் வீட்டிலும் கிடைக்கப்போவதில்லை. கன்டெய்னரின் சிறப்பு அதன் மூலைகளில் உள்ளது. மேலே இருக்கும் பெட்டியின் பாரம் தகரச் சுவரில் இறங்காமல் நான்கு மூலைத் தூண்களின் வழியே தரைக்குச் செல்வதாலும், ட்விஸ்ட் லாக் எனப்படும் திருகுப் பூட்டு மூலையை மூலையோடு பிணைப்பதாலும், பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்து நிற்கின்றன. அட்டைப்பெட்டிக்கு இத்தூண்கள் இல்லாததால் பாரம் மூடியின் நடுவில் விழுகிறது; கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில், காற்றின் ஈரத்தைக் குடித்த அட்டை நாளடைவில் தளர்ந்து, ஐந்தாவது அடுக்கு ஏறியதும் முதல் அடுக்கு குனிந்து வணங்கத் தொடங்குகிறது.

கொள்ளளவில் இம்மரபை வெல்ல எதனாலும் முடியாது. 20 அடிக் கன்டெய்னர் ஒன்றில் மேற்சொன்ன அளவுள்ள பெட்டிகள் ஏறத்தாழ 3,500 அடங்கும் என்பது எளிய வகுத்தலால் விளங்கும். 1986-இல் மணிலாவை விட்டு வெளியேறிய இமெல்டா மார்க்கோஸ் விட்டுச்சென்றவை 3,000 ஜோடிகள் என ஊர் பேசியது. அவர் தரப்பு 1,060 என்றது. எந்தக் கணக்கு மெய்யாயினும் ஒரே கன்டெய்னரில் கதை முடிந்திருக்கும்.

ஆயினும் காலடிப்பேட்டைக் குடும்பத்தில் இம்மரபு தோற்றுப்போவது ஷிப்ட் முறையால். அடுக்கில் கடைசியாக வைத்தது முதலில் வரும். முதலில் வைத்தது கடைசியில்தான் வரும். இரண்டாம் ஷிப்ட் முடித்து நள்ளிரவை ஒட்டி வீடு திரும்புகிறவர் தம்முடைய இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூவை அடுக்கின் உச்சியில் ஏற்றிவிட்டுப் படுக்க, முதல் ஷிப்டுக்கு விடியுமுன் புறப்படும் தம்பியின் ஷூ அடித்தளத்தில் அகப்பட்டுக்கொள்கிறது. கடைசியில் வந்தவர் கடைசியில் போவார், முதலில் போகிறவர் முன்னமே படுத்திருப்பார் என்பதால், அடுக்கின் ஒழுங்கும் வீட்டின் ஒழுங்கும் அன்றாடம் நேர் எதிராகவே அமைகின்றன. துறைமுகத்தில் அடிப்பெட்டியை எடுக்க மேல்பெட்டிகளை நகர்த்த கிரேன் உண்டு. அந்த வீண் வேலைக்குக் கணக்கும் உண்டு. வீட்டில் அதற்கு இருப்பது மின்விளக்குப் போடாத இருட்டும், சரிந்து விழும் பெட்டிகளின் ஓசையும், உள்ளிருந்து வரும் பெற்றோரின் குரலுமே.

மூடிய பேழைக்கு எதிராக வேதியியலும் சாட்சி சொல்கிறது. தோலில் பூஞ்சணம் பிடிப்பதும் கொக்கிகள் துருவேறுவதும் கடலோர மக்கள் அறிந்தவை. அவர்கள் அறியாமல் நிகழ்வது நீராற்பகுப்பு, அதாவது ஈரம் புகுந்து ஒரு பொருளின் மூலக்கூற்றுச் சங்கிலியை மெல்ல அறுப்பது. விசேஷ நாள்களுக்கு மட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்த ஷூவின் பாலியூரித்தேன் அடிப்பாகம், பார்வைக்குப் புதிது போலவே இருந்து, சில ஆண்டுகள் கழித்துக் கல்யாண மண்டபத்தின் படியில் பிட்டுப் பிட்டாக உதிர்வது இதனால்தான். உரியவர் கடைக்காரரை ஏசுவார். உண்மையில் நல்ல பேழைக்குச் சுவரைவிட முக்கியமானது ஓட்டை.

இங்கேதான் தீப்பெட்டி மரபு தன் மேன்மையை நிறுவுகிறது. தீப்பெட்டி உறை, தட்டு என்னும் இரண்டே உறுப்புகளால் ஆனது. உறை அசையாது, தட்டு மட்டும் நகரும். பத்துத் தீப்பெட்டிகளை அடுக்கி வைத்து நடுவிலுள்ளதன் தட்டை மட்டும் இழுத்தாலும் மேலுள்ளவை அறியா. எனவே விடியற்காலைத் தம்பிக்கும் நள்ளிரவு அண்ணனுக்கும் ஒரே அடுக்கு போதும். ஆனால் தீப்பெட்டியின் தட்டு ஒருபுறம் பெருவிரலால் தள்ளப்பட்டு மறுபுறம் வெளிவருவது. பாதணிப் பேழையின் பின்புறமோ சுவரை ஒட்டி நிற்பதால் தள்ளுவதற்கு வழியில்லை, முன்புறமிருந்து இழுத்தாக வேண்டும். கைப்பிடி வைத்தால் அது வெளியே நீட்டி, ஒடுங்கிய நடையில் போகிறவரின் முழங்காலைப் பதம் பார்க்கும். ஆகவே முன்புறத்தில் இரு விரல் நுழையும் ஓட்டை ஒன்று வைக்கப்பட வேண்டும். அவ்வோட்டை இழுக்கப் பிடியாகிறது. பின்சுவரிலும் ஒன்று இருந்தால் காற்றுக்கு வழியாகிறது. மூன்றாவதாக, உள்ளிருக்கும் காலணியின் நிறத்தைச் சற்றே காட்டிக் காட்சிச் சாளரமும் ஆகிறது.

காட்சி சற்றே இருந்தால் போதுமா என்னும் வினா எழலாம். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கதவு வைத்து, காந்தத்தால் மூடி, விலையுயர்ந்த ஷூவைக் கோயில் நகை போலக் காட்டும் பேழைகள் இப்போது நகரில் விற்பனையாகின்றன. அவற்றில் ஷூவை ஒருக்களித்து வைக்க முடியாது, இரண்டும் நேராக முகங்காட்டி நிற்க வேண்டும் என்பதால் இடம் கூடுதலாகச் செலவாகிறது என்பது சிறு குறை. பெருங்குறை சமூகவியல் சார்ந்தது. தமிழர் வாசலில் கிடக்கும் செருப்பு ஒரு வருகைப் பதிவேடு. யார் வீட்டில் இருக்கிறார், விருந்தாளி எத்தனை பேர், மாமியார் வந்திருக்கிறாரா என்பனவற்றைக் கதவைத் தட்டாமலே அதிலிருந்து அறியலாம். மாதத்தின் முதல் வாரத்தில் தவணை வசூலிக்க வருபவர் இப்பதிவேட்டைப் படிப்பதில் கைதேர்ந்தவர். குடும்பத் தலைவர் வெளியூர் போயிருப்பதாகக் கதவிடுக்கிலிருந்து பதில் வரும்போது அவருடைய செருப்பு ஒளிபுகு பேழையில் விளக்கு வெளிச்சத்தோடு வீற்றிருப்பது எவ்வகையிலும் விரும்பத்தக்கதன்று. உரியவருக்கு அடையாளம் தெரியவும் பிறருக்குத் தெரியாதிருக்கவும் இரு விரல் ஓட்டையே சரியான அளவு.

அளவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியர் பாதம் அகலமானது என்றும், நீளத்துக்கேற்ற பிரிட்டிஷ் எண்ணில் அகலம் போதாமல் பலர் ஓர் எண் பெரிதாக வாங்குகின்றனர் என்றும் கண்டறிந்ததன் பயனாக, பா என்னும் புதிய அளவுமுறை முன்மொழியப்பட்டுள்ளது. பிரிட்டிஷ் எண் ஒவ்வொன்றும் மூன்றிலொரு அங்குலம் ஆதலால், இன்றைய பேழைகள் ஒவ்வொன்றும் கால் இல்லாத அந்த மூன்றிலொரு அங்குலத்தையும் சேர்த்தே சுமக்கின்றன. புதிய முறை நடைமுறைக்கு வந்தால் பேழை குட்டையாகிப் பருக்கும். அதுவரை, செருப்பு மட்டுமே அணிவோர் 12 செ.மீ. உயரப் பேழையில் ஒரு ஜோடி ஹவாய் செருப்பை வைப்பது வீண். அவ்வுயரத்தில் மூன்று ஜோடிகள் தாராளமாகப் படுக்கும்.

அடித்தட்டு தரையைத் தொடலாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் தேங்கி, எண்ணூர்ப் பக்கத்தில் எண்ணெயும் அதனோடு கலந்து வீடுகளுக்குள் வந்ததை நினைவில் கொண்டு, முதல் பேழைக்குக் கீழே குறைந்தது இரண்டு செங்கல் உயரம் விடுவது நலம். இவையனைத்தும் தொல்லை என்று கருதுவோருக்கு மூன்றாவது மரபு ஒன்றும் உண்டு: கடல் வணிகச் செல்வத்தை உதறிவிட்டு வந்து, திருவொற்றியூர்க் கடற்கரையில் அடங்கிய பட்டினத்தாரின் மரபு. சேமிக்க ஒன்றும் இல்லாதவருக்குப் பேழை வேண்டுவதில்லை என்னும் அதன் தர்க்கம் குறைகூற இயலாதது; கட்டுரையின் எல்லைக்கு மட்டுமே அப்பாற்பட்டது.

எனவே தீப்பெட்டியின் தட்டும், கன்டெய்னரின் மூலைத் தூணும், முன்னும் பின்னும் இரு விரல் ஓட்டையும் கொண்டு, இரண்டு செங்கல்லின் மேல் நிற்பதே இவ்வூர்க் காற்றுக்கும் ஷிப்டுக்கும் தவணைக்கும் ஏற்ற பேழை எனத் தீர்ப்பளிக்கப்படுகிறது. அதன் மேல்தளம் வந்த வாரத்திலேயே ஹெல்மெட், பால் பாக்கெட் பை, பூட்டுச் சாவி ஆகியவற்றால் நிரம்பிவிடும் என்பதால், அவற்றின் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாங்க எண்ணுவோர் கடைக்குப் புறப்படுமுன் வாசற்கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதை ஒருமுறை அளந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கதவு இடிக்கிறது என்பதற்காகப் பேழையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைக்காரர் எவரும் இல்லை.