மாட்டுங்கா வட்டாரத்தில் நாய் நடத்தல்: ஒரு கம்ப ஆராய்ச்சி

எங்கள் நாய் மணியைக் கூட்டிப்போக நல்ல இடம் எது என்று மும்பை மாட்டுங்காவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஃபைவ் கார்டன்ஸ் போங்களேன், சார்." இதைத் தரவு என்று ஏற்க ஆய்வுநெறி இடம் தரவில்லை. ஆகவே இக்கட்டுரை.

முதலில் சொல்லாய்வு. நாயைச் சங்க நூல்கள் ஞமலி என்கின்றன, ஞாளி என்றும் சொல்கின்றன. எது மூத்தது என்று சண்டையிட விரும்புவோர் அடுத்த கருத்தரங்குக்கு வரலாம். மணிக்கு அவசரம்.

ஃபைவ் கார்டன்ஸ் தாதர் பார்சி காலனிக்கு நடுவே இருக்கிறது. ஐந்து பூங்கா என்றதும் ஐந்திணை என்று எழுத ஓர் ஆய்வாளருக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம், மே மாதத்தில் ஐந்தும் பாலை. வலுவான சான்று வேறு உண்டு. 1832 ஜூனில் பிரிட்டிஷ் ஆட்சி தலைக்கு எட்டணா கொடுத்துத் தெருநாய்களைக் கொல்லவைத்தபோது, கோட்டைப் பகுதியில் கடையடைத்துத் தெருவில் இறங்கியவர்கள் பார்சிகள். இறந்தவரை நாய் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் சடங்கு. காலனி பிற்காலத்தது, பரிவு பழையது. (சான்று: எதிர்வீட்டு மாமி, பால்கனி உரை.)

செம்பூர் டயமண்ட் கார்டன்: கூட்டம். செட்டா நகர் கோயில் பக்கம்: முருகனுக்கு மயில், நாய்க்கு பைரவர், துறை மாறுகிறது.

தாராவியின் 90 அடிச் சாலையில் நாய்க்கு வேண்டியது நாலே அடி. சனிக்கிழமை மாலை அதுவும் கிடைக்காது. அங்குள்ள நாய்களை யாரும் நடத்துவதில்லை. கும்பார்வாடாச் சூளையோரம் படுத்தபடி, 'கயிறு கட்டிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டீர்?' என்று நம்மைத்தான் பார்க்கின்றன.

சங்கிலியைக் கழற்றிவிட வேண்டுமா? பாந்திரா கார்ட்டர் ரோட்டில் நாய்களுக்கென்றே பூங்கா உண்டு. நாயோடு அதுவரை போய்ச்சேர்வது எப்படி என்பது தனி முனைவர் பட்டத்துக்குரிய பொருள்.

மாட்டுங்கா மேம்பாலத்தின் அடியில் நானாலால் மேத்தா பூங்கா. நடைபாதையை நர்மதை நதியின் போக்கில் வளைத்திருக்கிறார்கள். மணி அங்கே கால் தூக்கினால் அது மத்தியப் பிரதேசமா, குஜராத்தா? நர்மதை நீர்த் தாவாவுக்கு 1969இல் தீர்ப்பாயம் அமைத்து 1979இல் தீர்ப்பும் சொல்லியாயிற்று. மேல்வரத்துக் கணக்கில் மணியின் பங்கைச் சேர்க்கவில்லை. (மேற்படி மாமி, திருத்திய பதிப்பு, காய்கறி வண்டிக்காரரின் இடைச்செருகலுடன்.)

இத்தனையும் முன்னுரை. மணிக்குப் பூங்காக்களில் அக்கறையே இல்லை. அவனுடைய புலம் எங்கள் தெருமுனை விளக்குக் கம்பம். கம்பத்தை ஆய்வதால் இத்துறைக்குக் கம்ப ஆராய்ச்சி என்று பெயரிட்டிருக்கிறேன். அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருப்பதும், காரைக்குடியில் அதற்கு 1939லேயே கழகம் கண்டதும் அறிவேன்.

கம்பம் ஒரு கல்வெட்டு. நேற்று யார் வந்தார், எந்தக் குடி, நட்பா பகையா, என்ன சாப்பிட்டார், உடம்புக்கு எப்படி, எல்லாம் அதில் உண்டு. நம்மவர்கள் ஓர் எழுத்தை 'ன'வா 'ள'வா என்று முப்பது ஆண்டு படிப்பார்கள். மணிக்கு நாலு நொடி போதும். கீழிருந்து மேலாக ஒரு முறை, பாடபேதத்துக்காக இடப்புறம் ஒரு முறை. பிறகு, எல்லா ஆய்வாளரையும் போலவே, முன்னோர் எழுதியதை மோந்துவிட்டு, அதன்மேலேயே தன்னுடையதையும் விட்டுவிட்டு நகர்கிறான். அடுத்து வரும் பழுப்பு நாய் மேற்கோள் காட்டாமல் அதையே செய்யும். (மேற்படி மாமி, மூன்றாம் பதிப்பு, அது பழுப்பல்ல, கறுப்பு என்னும் வாட்ச்மேன் மறுப்புரை, பீடி பற்றவைக்குமுன், அம்மறுப்பை மறுத்த இஸ்திரிக்காரரின் அடிக்குறிப்பு, பெட்டி சூடானபின், இருவரும் குருடு என்னும் பால்காரர் வாய்மொழி, அச்சில் இல்லை.)

போன வாரம் கம்பத்தைப் பிடுங்கிப் புதிதாக ஒன்று நட்டுவிட்டார்கள். சாயவாடைகூடப் போகவில்லை. மணி வந்தான், மோந்தான், சுற்றினான், மறுபடி மோந்தான். மூலச்சுவடியைக் கறையானுக்குக் கொடுத்த பேராசிரியரின் முகம். வெகுநேரம் அப்படியே நின்றான். பிறகு ஒரு காலைத் தூக்கி, பாயிரத்திலிருந்து தொடங்கினான்.