அஞ்சாவது ஆளு யாருடா தம்பி?

வாடா தம்பி, குந்து. கோப்பி ஆறுது, குடிச்சிக்கிட்டே கேளு. கூடைப்பந்துல மைக்கல் ஜோர்டன் ஒரே ஆட்டத்துல 63 புள்ளி போட்டாருன்னு போனத் தூக்கி என் மூக்குக்கு நேரா ஆட்டுறியே, போட்டாருதான். யாரு இல்லேன்னா? 1986 ஏப்ரல் 20, பாஸ்டன்ல நடந்த ஆட்டம். நீ பாத்த படத்துல ஆட்டத்த யாரு ஜெயிச்சான்னு காட்டுனானா? காட்டியிருக்க மாட்டான். ரெண்டு தடவ நேரத்த நீட்டி வெளையாடியும் பாஸ்டன் 135, சிகாகோ 131. அந்தச் சுத்துல மோதுனது மூணு ஆட்டம். மூணுலயும் சிகாகோ மண்ணக் கவ்விச்சு. அறுவத்திமூணப் போட்ட மனுசன் வெறுங்கையோட வீட்டுக்குப் போனாரு.

அவரு சிகாகோவுக்கு வந்தது 1984. கோப்பையத் தொட்டது 1991. நடுவுல என்ன, அவருக்குக் கையா வலிச்சுது? 1987ல ஸ்காட்டி பிப்பன், ஹோரஸ் கிராண்ட்னு ரெண்டு எளந்தாரிப் பயலுக வந்து சேந்தானுங்க. அதுக்கப்புறந்தான் வண்டி மேடேறுச்சு. 1997 இறுதிச் சுத்துல கடைசி சில வினாடி. ஜோர்டன ரெண்டு பேரு மறிச்சிட்டானுங்க. பந்து ஸ்டீவ் கெர் கைக்குப் போச்சு, அவரு போட்டாரு, கோப்பை வந்துச்சு. உன் ரூம்பு சுவத்துல ஜோர்டன் படம் மூணு தொங்குது. கெர் படம் ஒண்ணாச்சும் இருக்கா?

சிரிக்காத. உங்க கூட்டத்து ஆட்டத்தையும் ஒரு நா சாயங்காலம் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் பாத்தேனே. அஞ்சு பேரு எறங்குனீங்க. அஞ்சு முதுகுலயும் ஜோர்டனோட 23. எவன் எவனுக்குடா பந்து குடுக்குறது? வாங்குனவன் குடுக்கல, மத்தவன் ஓடல. நாலு பேரும் கைய ஆட்டிக்கிட்டு நிக்கிறீங்க, பஸ்ஸ நிறுத்துற மாரி. வெளிய ஒருத்தன் வீடியோ புடிக்கிறான். படம் புடிக்க ஆளு இருக்கு, லோங்காங்குல உருண்ட பந்த எடுக்க ஆளு இல்ல. எழுவதத் தாண்டுன கெழவன் நாந்தான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன். அந்த வீடியோவுல நான் வந்தனா? வரல. நல்லாப் பாத்தாச்சு.

நம்ம பாகான் டத்தோ எதுக்குப் பேரு போன ஊருன்னு வெளியாளக் கேட்டா என்ன சொல்லுவான்? தேங்காய்ம்பான். நீளக் கம்பு நுனியில அருவாளக் கட்டி, அண்ணாந்து ஒரே இழுப்புல கொலையத் தள்ளுறவனப் பாக்க அழகாத்தான் இருக்கும். டவுன்ல இருந்து வர்றவனெல்லாம் அவனத்தான் படம் புடிப்பான். விழுந்த காய என்ன செய்யிறது? பொறுக்கணும், குமிக்கணும், மட்ட உரிக்கணும், எண்ணணும், லோரியில ஏத்தணும். உரிக்கிறவனக் கிட்டத்துல நின்னு பாத்திருக்கியா? மண்ணுல நட்ட கூர்க்கம்பியில காய ஒரு குத்து, ஒரு திருகு, மறுபக்கம் ஒரு திருகு. மட்ட தனியா கழண்டு விழும். கண்ணு கம்பியில, வாய் ஊர்க்கத பேசும். உள்ளங்கையில ஏறுன கற எந்தச் சவுக்காரத்துக்கும் போவாது. அவன் ஒரு நா மட்டம் போட்டான்னு வையி, அறுத்தவன் அண்ணாந்துக்கிட்டே நிக்க வேண்டியதுதான். கீழ கெடக்குற காயி மொளச்சிப்புடும். பெரட்டுல ஆள எண்ணுற காலத்துல கங்காணிக்கு இது தெரிஞ்சிருந்துச்சு. படிச்ச ஒங்களுக்கு வெளக்கிச் சொல்ல வேண்டியிருக்கு.

அமெரிக்காக்காரன் கத ஒனக்குத் தூரமுன்னா நம்ம பேராக்குக்கே வா. பூப்பந்து ஆடுன லீ சோங் வெய் எங்க பொறந்தாரு? பாகான் செராய். நம்ம மாநிலத்துப் புள்ள. ஒலிம்பிக்ல 2008, 2012, 2016னு மூணு வெள்ளிப் பதக்கம். எல்லாஞ் சேத்து 349 வாரம் உலகத்துல மொத எடம். அப்பேர்ப்பட்ட ஆளு இருந்தும் தோமஸ் கிண்ணத்த அவரு கையில ஒரு தடவகூடப் பாக்கலியே, ஏன்?

கணக்கு சுளுவு. நாட்டுக்கு நாடு மோதுறது அஞ்சு ஆட்டம். ஒத்தையர் மூணு, இரட்டையர் ரெண்டு. மூணு புள்ளி எடுத்தவனுக்குக் கிண்ணம். மகா சூரனா இருந்தாலும் ஒத்தையர்ல ஒரு புள்ளிதான் குடுக்க முடியும். 2014ல டில்லியில இறுதி ஆட்டம், எதிரி ஜப்பான். லீ சோங் வெய் மொத ஆட்டத்த ஜெயிச்சுக் குடுத்துட்டுப் போயி உக்காந்துட்டாரு. அப்புறம் ஏறி எறங்கி ரெண்டுக்கு ரெண்டுன்னு வந்து நின்னுச்சு. அஞ்சாவது ஆட்டத்துக்கு டேரன் லியூ எறங்குனாரு. மல்லுக்கட்டிப் பாத்தாரு, தக்குமா உவேடா முந்திக்கிட்டாரு. ஜப்பானுக்கு அதுதான் மொதத் தோமஸ் கிண்ணம்.

மறுநா கோப்பிக்கடையில ஒரே ரகள. ரொட்டி சானாயப் பிச்சிக்கிட்டே எல்லாரும் அந்தப் பையனத் திட்டுறான். அதுக்கு மொத நா வரைக்கும் அவன் பேரே பாதிப் பேருக்குத் தெரியாது. தோத்த ராத்திரிதான் மனப்பாடம் ஆயிருக்கு! அஞ்சாவது ஆள யாரு வளத்தா, எத்தன பெரிய ஆட்டத்துல வுட்டுப் பழக்குனாங்கன்னு எவனாச்சும் கேட்டானா? போஸ்டர் அடிக்கிற காசுல பாதி அங்க போயிருந்தா கத வேறயா இருந்திருக்கும்னு நான் ஒரு தடவ சொன்னேன். தாத்தாவுக்குப் பொறாமன்னுட்டானுங்க. எனக்கென்ன பொறாம, நான் என்ன பூப்பந்தா ஆடுறேன்?

1992ல ஜெயிச்சோமே, அது எப்புடி? கோலாலம்பூர், ஸ்டேடியம் நெகாரா, எதிர்ல இந்தோனேசியா. ரஷீத் சிடேக் எடுத்தது ஒரு புள்ளி. மிச்சம் ரெண்ட எடுத்தது ரெண்டு இரட்டையர் ஜோடி. ராசிப், ஜலானி அண்ணந்தம்பி ஒரு ஜோடி. சியா சூன் கிட், சூ பெங் கியாங் இன்னொரு ஜோடி. 1967க்கு அப்புறம் 25 வருசங் கழிச்சு வந்த கிண்ணம். அதுக்கப்புறம் திரும்ப வந்துச்சா? நீயே பாத்துக்க.

இப்ப ஒனக்கு வயிறு எரியிற மாரி ஒண்ணு சொல்லட்டா? 2022, பேங்காக். கால் இறுதியில இந்தியா நம்மளோட மோதுச்சு. அவங்க மொத ஆட்டக்காரர் லக்ஷ்யா சென், நம்ம லீ சீ ஜியாகிட்டத் தோத்துட்டாரு. நம்ம ஆளுங்க கெலிச்சாச்சுன்னு குதிக்கிறான். ரெண்டுக்கு ரெண்டு வந்துச்சு. அஞ்சாவதா பிரணோய்னு ஒருத்தர் எறங்கி நம்மள மூட்ட கட்டி அனுப்பிட்டாரு. அரை இறுதியில டென்மார்க்கு. லக்ஷ்யா சென் அக்செல்சன்கிட்ட மறுபடி தோல்வி. மறுபடி ரெண்டுக்கு ரெண்டு, மறுபடி பிரணோய். வழுக்கி விழுந்து கணுக்கால் பெரண்ட மனுசன், நொண்டிக்கிட்டே ஆடி முடிச்சாரு. இறுதியில இந்தோனேசியாவ 3-0னு சாத்துனாங்க. அங்க மொதப் புள்ளிய எடுத்தது யாருங்கற? ரெண்டு தடவ தோத்த அதே லக்ஷ்யா சென். பிரணோய்க்கு அன்னைக்கு வேலையே இல்ல.

சரி சரி, மொறைக்காத. அடுத்த வாட்டி தெலுக் இந்தான் போறப்ப, பிரணோய் பேரு போட்ட சட்ட எந்தக் கடையிலயாச்சும் தொங்குதான்னு விசாரி. இந்தா அம்பது வெள்ளி. இருந்தா எனக்கு ஒண்ணு வாங்கியா, கொஞ்சம் தொளதொளன்னு. இல்லேன்னா காச அப்புடியே திருப்பிக் குடுத்துரு. தேங்காய் உரிக்க ஆளு கூப்புடணும்.